பறவைப் படத்தில் சொல்லப்படும் குறையைக் களத்தில் சரிசெய்வது எப்படி

பறவைகளைப் படமெடுக்கக் கற்றுவரும் ஒருவர் தம் படத்தை அனுபவசாலியிடம் காட்டும்போது, பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் பதிலாகக் கிடைக்கிறது. ஒன்று, "சூப்பர்" என்ற ஒற்றைச் சொல். மற்றொன்று, "கண் தெளியவில்லை", "வெள்ளை வெளுத்துவிட்டது", "பின்னணி சரியில்லை" என்பது போன்ற சுருக்கமான தீர்ப்பு. முதலாவதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்பதால் அதைப் பெற்றுக்கொண்டு நகர்ந்துவிடலாம். இரண்டாவது பயனுள்ளது; ஆனால் அது விளைவைச் சொல்கிறதே தவிரக் காரணத்தைச் சொல்வதில்லை. குறை சொல்பவர் படத்தை மட்டுமே பார்க்கிறார்; நீங்கள் நின்ற இடத்தையோ, அன்றைய வெயிலையோ, பறவை இருந்த தொலைவையோ அவர் பார்க்கவில்லை. ஆகவே அந்தத் தீர்ப்பிலிருந்து காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அடுத்த முறை ஊசுட்டேரிக் கரையிலோ தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ நிற்கும்போது கையால் செய்யக்கூடிய ஒரு செயலாக அதை மாற்றுவது மாணவரின் வேலை. புதுச்சேரி, கடலூர்ப் பகுதியின் நீர்நிலைகளில் பழகுபவர்களை மனத்தில் வைத்து, அந்த வேலையைச் செய்யும் விதத்தை இங்கே விளக்குகிறேன்.

காட்டுவதற்கு முன்

கருத்துக் கேட்கப் போகும்போது, அழகாக வெட்டித் திருத்திய படத்துடன் கேமராவிலிருந்து வந்த முழுச் சட்டகத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா தரும் 6000×4000 புள்ளிகள் கொண்ட சட்டகத்திலிருந்து 1500×1000 அளவுக்கு வெட்டியெடுத்தால், மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு, அதாவது 1.5 மெகாபிக்சல் மட்டுமே. அந்தத் துண்டை மட்டும் பார்ப்பவர் இறகுகளின் நுணுக்கம் இல்லை என்று கண்டு, "நல்ல லென்ஸ் வாங்குங்கள்" என்று சொல்லக்கூடும். முழுச் சட்டகத்தையும் பார்த்திருந்தால், "இன்னும் கிட்டத்தில் இருந்து எடுங்கள்" என்று சொல்லியிருப்பார். தொலைவு பாதியானால் பறவை சட்டகத்தில் நான்கு மடங்கு பரப்பை நிரப்பும். பணம் செலவாகாத இந்த வழி இருக்கையில் கடன் வாங்கி லென்ஸ் வாங்கியவர்கள் நம் பக்கத்தில் நிறையவே உண்டு.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் மாறாமல் போய்ச் சேரும். சுருங்கிய படத்தின் மீது வந்த குறையை நம்பி ஃபோகஸ் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருப்பது வீண்வேலை. ஷட்டர் வேகம், லென்ஸின் துளை அளவு, ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன் அளவு), குவிய நீளம், நேரம் ஆகியவை கோப்பிலேயே பதிந்திருக்கும். பறவை இருந்த உத்தேசத் தொலைவையும், வெயில் எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்பதையும் நீங்கள்தான் குறித்துவைக்க வேண்டும்.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில் வரும். "சார், இந்தப் படத்துல உங்க கண்ணு முதல்ல எங்க போச்சு? அடுத்து எந்த இடம் உறுத்துச்சு?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் உண்மையாகவே படத்தைப் பார்த்தாக வேண்டும். இந்தக் கேள்வியைக் கேமராவைத் தொட்டிராத வீட்டாரிடமும் கேட்கலாம்; ஓரத்தில் மிதக்கும் பிளாஸ்டிக் பை முதலில் கண்ணில் பட்டது என்று அம்மா சொன்னால், அதைவிட நேர்மையான கருத்து வேறெங்கும் கிடைக்காது. பதிலைக் கேட்கும்போது குறுக்கே பேசாமல் இருப்பது முக்கியம். விடியுமுன் எழுந்ததும், முழங்கால் அளவு சேற்றில் நின்றதும், பறவை ஒரே நொடிதான் உட்கார்ந்தது என்பதும் படத்துக்குள் இல்லாதவை. அவற்றைச் சொல்லத் தொடங்கினால், எதிரில் இருப்பவர் குறை சொல்வதை நிறுத்திவிட்டு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அவர் சொன்னதை, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே, படத்தின் கோப்பு எண்ணுடன் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கோபமோ வருத்தமோ வந்தால் அது வரட்டும். மறுநாள் நோட்டைத் திறந்தால் போதும்.

"தெளிவில்லை" என்று சொல்லப்பட்டால்

மாணவர்களின் படங்களில் மிக அதிகமாகச் சொல்லப்படுவதும், மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்தக் குறைதான். கலங்கிய படத்துக்குக் குறைந்தது நான்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கக்கூடும். ஒன்றுக்கான தீர்வு மற்றொன்றுக்கு உதவாது என்பதோடு, சில வேளைகளில் அதைக் கெடுக்கவும் செய்யும். எனவே படத்தைக் கணினியில் நூறு விழுக்காட்டு அளவில் திறந்து, பறவையைச் சற்று மறந்துவிட்டு, அது அமர்ந்திருக்கும் கிளையையும் சுற்றியுள்ள புல்லையும் முதலில் ஆராயுங்கள்.

பறவைக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள ஏதோ ஒன்று கூர்மையாகத் தெரிந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது என்று பொருள். சம்பு நிறைந்த ஏரி ஓரங்களில் நீலத் தாழைக்கோழியை எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. தானியங்கி ஃபோகஸ், முன்னே நிற்கும் சம்புத் தண்டைப் பிடித்துக்கொள்கிறது. ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறி, புள்ளியைக் கண்ணின் மீது வைப்பதே தீர்வு. இதன் மற்றொரு வடிவம், உடல் கூர்மையாகவும் கண் மட்டும் மங்கலாகவும் இருப்பது. ஏபிஎஸ்-சி எனப்படும் சற்றுச் சிறிய சென்சார் கொண்ட கேமராவில் 600 மி.மீ. குவிய நீளத்தையும் எஃப் 6.3 துளையையும் வைத்து 10 மீட்டர் தொலைவில் உள்ள பறவையை எடுத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 7 செ.மீ. மட்டுமே. ஒரு சாம்பல் நாரை நம்மை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அலகின் நுனிக்கும் தோளுக்கும் இடையே உள்ள தூரம் அதைவிடப் பல மடங்கு அதிகம். துளையைச் சுருக்குவது ஒரு வழி. நாரை பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருப்பது அதைவிட நல்ல வழி.

கிளை கூர்மையாக இருந்து, இறக்கையோ தலையோ மட்டும் இழுபட்டிருந்தால் பறவையின் அசைவை ஷட்டரால் நிறுத்த முடியவில்லை. தேங்காய்த்திட்டு அலையாத்திப் பகுதியின் கழிமுகத்தில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் சிறகடித்து நிற்கும்போது 1/1000 நொடி போதாது. 1/2000 நொடியோ அதற்கும் வேகமாகவோ வேண்டும். மாறாக, கிளை, பறவை, பின்புலம் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அசைந்தது உங்கள் கை. அமர்ந்திருக்கும் பறவைக்கும் 600 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கும்போது 1/1000 நொடிக்கு அருகில் வைத்துத் தொடங்குவது நல்லது; முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் பிடித்தாலோ, ஏரிக்கரையின் மதகுச் சுவரில் லென்ஸைச் சாய்த்தாலோ அதைவிடக் குறைந்த வேகமும் கைகொடுக்கும்.

நான்காவது காரணம்தான் பலரையும் ஏமாற்றுகிறது. படத்தில் எதுவுமே கூர்மையாக இல்லை, ஆனால் எதுவும் ஒரு திசையில் இழுபடவும் இல்லை. விளிம்புகள் நெளிந்தது போலிருக்கின்றன. தொடர்ச்சியாக எடுத்த படங்களில் ஒவ்வொன்றும் வேறு விதமாகக் கலங்கியிருக்கிறது என்றால், அது கானல். நிலமும் நீரும் காற்றும் வெவ்வேறு வெப்பத்தில் இருக்கும்போது இடையிலுள்ள காற்று அடுக்குகள் ஒளியை வளைக்கின்றன. மரக்காணம் உப்பளங்களிலும் கழுவேலியின் திறந்த சேற்றுப் பரப்பிலும் வெயில் ஏறிய பின் நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பூநாரைகளை எந்த லென்ஸாலும் கூர்மையாக எடுக்க முடியாது. இங்கே ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் ஐஎஸ்ஓவும் கூடிப் படத்தில் துகள் பெருகுமே தவிர, கானல் குறையாது. விடியலில் எடுப்பது, தொலைவைக் குறைப்பது, இரண்டும் முடியாதென்றால் நீண்ட தொடர்ச்சியாக எடுத்து அதில் தற்செயலாகத் தெளிந்த ஒன்றைப் பொறுக்குவது ஆகியவையே வழிகள். நம் கடலோரத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு: ஏசி அறையிலோ காரிலோ இருந்த கேமராவை வெளியே எடுத்தவுடன் ஈரக்காற்று லென்ஸின் மீது பனியாகப் படிகிறது. அதைத் துடைக்கத் துடைக்கத் திரும்பப் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டால் தொல்லை இல்லை.

காரணம் எதுவென்று ஊகித்த பிறகு அதைச் சோதிக்க வேண்டும். ஒரே இடத்தில், ஒரே பறவையை, ஒரே ஓர் அமைப்பை மட்டும் மாற்றி எடுத்துப் பாருங்கள். ஒரே காலையில் ஷட்டர் வேகம், துளை, ஃபோகஸ் முறை மூன்றையும் மாற்றினால், படம் நன்றாக வந்தாலும் எது உதவியது என்று தெரியாமலே வீடு திரும்ப நேரிடும்.

வெண்கொக்கும் கருத்த நீரும்

"வெள்ளை வெளுத்துவிட்டது" என்ற குறை நம் ஏரிகளில் தவிர்க்க முடியாதது. கொக்குகள் இல்லாத ஏரி இங்கு இல்லை. கேமராவின் ஒளியளவி, சட்டகம் முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். கருத்த நீருக்கு நடுவே சிறிதாக ஒரு சின்னக் கொக்கு நின்றால், நீரைச் சாம்பலாக்கும் முயற்சியில் கொக்கின் இறகு விவரம் அழிந்து வெறும் வெள்ளைத் திட்டு ஆகிவிடுகிறது. முழுவதும் வெளுத்த இடத்தில் தகவலே பதிவாகாததால், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக இருந்தாலும் அதை மீட்க முடியாது. எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை −1 அளவில் வைத்து, கேமராவின் திரையில் வெளுத்த இடங்களில் மின்னும் எச்சரிக்கை மறையும் வரை குறைப்பது முறை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்தக் குறையைக் கேட்ட மாணவர் அன்றிலிருந்து எல்லாப் படங்களையும் −1 அளவிலேயே எடுக்கத் தொடங்கினால், அடுத்த வாரமே "பறவை கருத்துவிட்டது" என்ற குறை வரும். அதே கொக்கு வெளிர்ந்த வானத்தின் பின்னணியில் பறக்கும்போது கேமரா வானத்தைச் சாம்பலாக்கப் பார்ப்பதால் கொக்கு இருண்டுபோகிறது. அப்போது +1 பக்கம் நகர்த்த வேண்டும். பின்னணியின் ஒளியைப் பார்த்துவிட்டுத் திருத்துவதே கற்றுக்கொள்ள வேண்டியது. குறிப்பிட்ட ஓர் எண்ணை மனப்பாடம் செய்வதால் பயனில்லை. சொல்லப்பட்ட குறையை எந்தச் சூழலில் எடுத்த படத்துக்குச் சொன்னார்கள் என்பதையும் நோட்டில் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

நின்ற இடம்

பின்னணியைப் பற்றியோ ஒளியைப் பற்றியோ வரும் குறைகளில் பாதிக்கு மேல், நின்ற இடத்தின் குறைகளே. ஏரிக்கரையின் மேலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் பறவையின் முதுகும், அதற்கு ஒட்டினாற்போல் உள்ள நீரும் ஆகாயத்தாமரையும் மட்டுமே கிடைக்கும். பின்னணி அருகிலேயே இருப்பதால் அது மங்கவும் மங்காது. கரையின் சரிவில் இறங்கி, பறவையின் கண்மட்டத்துக்குக் கேமராவைத் தாழ்த்தினால், பின்னணி தொலைவில் உள்ள மறுகரைக்குப் போய்விடும். லென்ஸை மாற்றாமலே படம் வேறொன்றாகிவிடும். மழைக்காலத்தில் சரிவு வழுக்கும் என்பதையும் புதர்களில் பாம்பு இருக்கக்கூடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நம் பகுதியில் நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சரிவதால், பல ஏரிகளின் கரை கிழக்குப் பக்கமாக அமைந்திருக்கிறது. வீராணம் அப்படிப்பட்டது. காலையில் அந்தக் கரையில் நின்றால் வெயில் நம் முதுகுப்புறமிருந்து பறவையின் மீது விழும். மாலையில் அதே இடத்தில் சூரியன் எதிரே நிற்கும். கடற்கரையில் இது தலைகீழ். தேவனாம்பட்டினத்தில் காலையில் கடலை நோக்கி ஆலாக்களை எடுத்துவிட்டு, எல்லாம் நிழலுருவாக வந்துவிட்டது என்று வருந்துவதில் பொருளில்லை. அதே ஆலாக்களை மாலையில் எடுத்தால் ஒளி நேராக விழும். "ஒளி தட்டையாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அமைப்புகளைத் தேடாமல், எத்தனை மணிக்கு எந்தத் திசையைப் பார்த்து நின்றோம் என்று முதலில் பாருங்கள்.

பறவையை அறிந்தவர் சொல்வது

படக்கலை தெரியாத ஒரு பறவை நோக்கர் சொல்லும் திருத்தத்தை மாணவர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதற்குத்தான் அதிக மதிப்புக் கொடுப்பேன். "நீங்கள் உண்ணிக்கொக்கு என்று எழுதியிருப்பது சின்னக் கொக்கு, அலகு கருப்பாக இருக்கிறது பாருங்கள், கால்விரல்கள் மஞ்சளாக இருக்கும்" என்று அவர் சொன்னால், பெயரைத் திருத்துவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. உங்கள் படத்தில் அந்த மஞ்சள் விரல்கள் நீருக்குள் மறைந்திருக்கின்றன. சின்னக் கொக்கு ஆழமற்ற நீரில் ஒரு காலால் சேற்றைக் கலக்கி மீன்களைக் கிளப்பும் பழக்கம் உடையது என்று அவரே சொல்வார். அப்படியானால் கால் நீரைவிட்டு உயரும் நொடிக்காகக் காத்திருக்க முடியும். பாகூர் ஏரியின் ஓரத்தில் பொழுதெல்லாம் நின்றாலும் இந்த ஒரு தகவல் இல்லாதவருக்கு அந்த நொடி வெறும் நடையாகவே தெரியும். பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் ஒரு காலையாவது கேமரா இல்லாமல் கலந்துகொள்ளும்படி மாணவர்களிடம் சொல்வேன்.

கருத்துகள் முரண்படும்போது

ஒருவர் "பறவைக்கு முன்னால் இன்னும் இடம் விடுங்கள்" என்பார். மற்றொருவர் "இன்னும் நெருக்கமாக வெட்டுங்கள்" என்பார். இருவரும் சொன்ன தீர்வை ஒதுக்கிவைத்துவிட்டு, இருவரின் கண்ணும் எந்த இடத்தில் உறுத்தியது என்று பாருங்கள். பல முறை அது ஒரே இடமாக இருக்கும்: வலது ஓரத்தில் பளிச்சென்று தெரியும் ஒரு காய்ந்த தண்டு, ஒருவரை விலகிப் போகவும் மற்றவரை வெட்டவும் சொல்லவைத்திருக்கும். தண்டை விலக்கி இரண்டடி நகர்ந்து நின்றிருந்தால் இருவருமே எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள். உறுத்திய இடமே வேறு வேறாக இருந்தால், அது அவரவர் ரசனை. ரசனையை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு முறையாவது அப்படி எடுத்துப் பார்த்த பிறகு மறுப்பதே முறை. "இதெல்லாம் ஒரு படமா" என்ற வகைப் பேச்சில் ஆராய எதுவும் இல்லாததால், எந்த இடம் என்று ஒரு முறை கேட்டுப் பார்த்து, பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

சோதித்துப் பார்க்கக் கூடாத குறை

மேற்சொன்ன எல்லாவற்றையும் களத்தில் சோதித்துத்தான் ஏற்கவோ தள்ளவோ வேண்டும். ஒன்றை மட்டும் சோதிக்காமல் அப்படியே ஏற்க வேண்டும்: "இந்தப் படத்தில் பறவை கலவரப்பட்டிருக்கிறது." கழுத்தை நீட்டி, இறகுகளை உடலோடு இறுக்கி, கேமராவை வெறித்துப் பார்க்கும் நாரை, வாயில் இரையை வைத்துக்கொண்டும் கூட்டுக்குள் போகாமல் அருகே தவிக்கும் தாய்ப்பறவை, தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தும் செம்மூக்கு ஆள்காட்டி ஆகியவை எல்லாம் நாம் அளவுக்கு மீறிக் கிட்டே போய்விட்டதற்கான அடையாளங்கள். ஆள்காட்டி கோடையில் வெறுந்தரையிலேயே முட்டையிடும். முட்டைகள் கூழாங்கல் போலவே இருப்பதால் காலடியில் இருந்தாலும் தெரியாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. 2008இல் புதுச்சேரி அரசு சரணாலயமாக அறிவித்த ஊசுட்டேரியிலும், 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிச்சாவரத்திலும் மட்டுமன்று, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குளத்திலும் இது பொருந்தும். அந்தப் படம் எவ்வளவு கூர்மையாக வந்திருந்தாலும் அதைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். கூடு இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். பறவையை வரவழைக்க அதன் ஒலியைக் கைப்பேசியில் ஒலிக்கவிடுவதையும் நிறுத்திவிடுங்கள்.

ஏரி வற்றும் மாதங்களில்

வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஏரிகள் நிறைந்திருக்கும் மாதங்களில் புதிய பறவைகளின் மீதே கவனம் போவதால், நோட்டில் எழுதிய குறைகளைத் தீர்த்துப் பார்க்க நேரம் இருக்காது. வலசை வந்தவை திரும்பி, நீரும் வற்றிய கோடை அதற்கு ஏற்றது. நோட்டைப் புரட்டினால் ஒரே குறை வெவ்வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும். அதை மட்டும் எடுத்துக்கொண்டு, எப்போதும் கிடைக்கும் பறவைகளிடம் பழகுங்கள். கடலூர் முதுநகரில் மீன் இறங்கும் இடத்தில் காகமும் கொக்கும் ஒரே சட்டகத்தில் நிற்கும். இரண்டின் இறகு விவரமும் தெரியும்படி எக்ஸ்போஷர் வைப்பது நல்ல பயிற்சி. அங்கேயே மேலே வட்டமிடும் செம்பருந்தின் வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடலும் அதே பாடத்தைப் பறக்கும் நிலையில் கற்பிக்கும். மாடியில் வந்து உட்காரும் மைனாவிடம் கண்மட்டத்தையும், தெருவோர மின்கம்பியில் இருக்கும் கரிச்சானிடம் பறக்கும் நொடிக்கான ஷட்டர் வேகத்தையும் பழகலாம்.

பிறகு, முதலில் குறை சொன்ன அதே ஆளிடம் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். எது மாறியிருக்கிறது என்பதை நீங்கள் சொல்லாமல் அவரையே சொல்லவிடுங்கள். அவர் பழைய குறையைப் பற்றிப் பேசாமல் வேறொன்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால், நோட்டில் பழையதை அடித்துவிட்டு, புதியதைக் கோப்பு எண்ணுடன் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.